கங்காணி தேறிய வேதப் பரீட்சை

கடவுளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று, முப்பத்திரண்டு வயதில், நல்ல நினைவோடு, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். எங்கள் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்தில் சபை போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ வேலை வரப்போகிறது என்றும் சொல்வோம்.

மூன்று மாதம் கழித்து அந்த வேலை எனக்கு வந்தது. இலங்கையில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உபதேசியாராக இருந்த எங்கள் ஊர்க்காரர், நெஞ்சுச் சளியோடு திரும்பி வந்து படுத்துவிட்டார். அங்கே ஒரு ஞானஸ்நான வகுப்பைப் பாதியில் விட்டு வந்திருந்தார். போய் முடித்துக்கொடுக்க ஆள் வேண்டும். ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். கோடை விடுமுறை. ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடவுளுக்காக இல்லாவிட்டாலும் குளிருக்காகப் போகலாம் என்று கிளம்பிவிட்டேன். உபதேசியார் தன் கேள்வி நோட்டைக் கொடுத்து, இருமலுக்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “கங்காணி.” அதற்குமேல் சொல்ல இருமல் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹட்டனில் இறங்கினேன். கேட்டு வாங்கிய குளிர் அங்கே மொத்தமாகக் காத்திருந்தது. என்னிடம் இருந்த கம்பளித் துணி ஒன்றே ஒன்று, என் மச்சான் கொடுத்த மப்ளர். அதைக் கழுத்தில் கட்டினால் காது குளிர்ந்தது, காதில் கட்டினால் கழுத்து குளிர்ந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காப்பாற்றிக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர். “எங்க போறீங்க? என்ன சோலியா?” என்று கேட்டார்.

“தோட்டத்துக்கு. கடவுளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க.”

“எத்தன நாளு?”

“ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்ல வெரசாத்தான் போறீங்க” என்றார்.

பஸ் அப்படிப் போகவில்லை. ஒரு வளைவில் பெருமூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மப்ளரைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் தள்ளினேன். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மொழிபெயர்த்தார்: “படிச்சவங்க ஒதுங்கி நிக்கட்டும், பஸ்ஸுக்குப் பாரமா இருக்காம்.”

தோட்டத்தில் என்னை வரவேற்றவர் எஸ்தரம்மா. கொழுந்து எடுத்து ஓய்ந்த விதவை. அவருடைய மகன் ஞானமுத்து ஃபேக்டரியில் வேலை. நாளைக்கு இரண்டு வார்த்தை பேசுகிற பையன், அதில் ஒன்று ‘உம்’. இந்த ஞானமுத்துவுக்கும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் செல்லாயிக்கும் கல்யாணம் பேசியிருந்தது. செல்லாயி மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். அவளுக்கு ஞானஸ்நானம் ஆனால்தான் எங்கள் வேதக் கோயிலில் தாலி. அதற்குத்தான் வகுப்பு.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், உபதேசியார் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். எஸ்தரம்மா கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். அந்த ரொட்டியின் கனத்துக்கு எங்கள் ஊரில் பலகை என்று பெயர். ஆனால் சம்பல் பட்டதும் பலகை இளகிவிட்டது, மூன்று தின்றேன். தேத்தண்ணியில் பால் இல்லை. உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் குடிக்கக் கிடைப்பது சலித்து ஒதுக்கிய தூள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“இந்த ஞாயித்துக்கெழம ஹட்டன் ஐயரு வாராரு. அவரே கேள்வி கேப்பாரு. தேறிட்டா அன்னைக்கே ஞானஸ்நானம், தாலி எல்லாம். அப்பறம் மழ புடிச்சிருச்சுன்னா ஆறு மாசத்துக்கு இங்கிட்டு வர மாட்டாரு” என்றார் எஸ்தரம்மா. “இந்தப் புள்ள தேறலைன்னா நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன் சார். ராகலையில எங்கண்ணன் மக இருக்கா. பொறந்தப்பவே ஞானஸ்நானம் வாங்குனவ.”

கதவோரம் நின்ற ஞானமுத்து தரையைப் பார்த்தான். அன்றைய இரண்டாவது வார்த்தையையும் விழுங்கிவிட்டான்.

புதன்கிழமை மாலை முதல் வகுப்பு. இடம் பிள்ளைக் காம்பரா. பகலில் தாய்மார் மலையில் நிற்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கூடம் அது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. நான் ‘ஆதியிலே’ என்று ஆரம்பித்து ஓரடி முன்னே வைத்தால் ஒரு தொட்டில் முகத்தில் அறைந்தது.

எதிரே செல்லாயி. பக்கத்தில் காவலுக்கு எஸ்தரம்மா. இருவருக்கும் முன்னால், கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பிரம்போடு ஒருவர்.

“நான் வேலாயுதம் கங்காணிங்க. இந்தப் புள்ள நம்ம கைக்குக் கீழ கொழுந்து எடுக்குற ஆளு. நம்ம ஆளு ஒரு எடத்துக்குப் போனா நானும் போவணும்ல?”

“நீங்களும் ஞானஸ்நானத்துக்கு...?”

“நான் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாங்க” என்று, அதுவே விளக்கம் என்பதுபோல உட்கார்ந்தார்.

“கடவுள் எத்தனை பேர்?” என்று செல்லாயியைக் கேட்டேன். அவள் தொட்டிலைப் பார்த்தாள்.

“ஒருத்தருங்க” என்றார் கங்காணி.

“அவருக்கு ஆரம்பம் உண்டா?” அவள் கூரையைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றார் கங்காணி.

நான் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருவர் பதில் சொல்கிறாரே. மூன்றாம் வகுப்பில் அந்தப் பாக்கியம்கூட எனக்கு வாய்த்ததில்லை.

வியாழக்கிழமை இருட்டுப் பிரியாத நேரம், தப்பு அடிக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தப்புச் சத்தம் என்றால் ஒரே அர்த்தம். துண்டைத் தோளில் போட்டு, முகத்தைத் தகுந்தபடி வைத்துக்கொண்டு, வெளியே வந்து அடுத்த காம்பராக்காரரிடம் தாழ்ந்த குரலில், “யார் தவறிவிட்டது?” என்று கேட்டேன்.

“இன்னும் ஒருத்தரும் இல்லீங்க. மலைக்குப் போகத்தான் கூப்புடுறாங்க” என்றார் அவர்.

வைத்த முகத்தை வீணாக்க வேண்டாம் என்று நானும் அவர்கள் பின்னால் பெரட்டுக் களத்துக்குப் போனேன். காலையில் ஆள் எடுக்கும் இடம் அது. கங்காணிமார் தங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை வந்தார். செல்லாயியின் கூடை கிழிந்திருப்பதைப் பார்த்து, “கூடை என்னா ஆச்சு?” என்று அவளிடமே தமிழில் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை.

“எலி கடிச்சிருச்சுங்க தொரை” என்றார் கங்காணி.

“உன் பேர் என்னா?”

“செல்லாயிங்க தொரை” என்றார் கங்காணி.

துரை போனதும் கங்காணி திரும்பி, “செல்லாயி!” என்று ஒரு சத்தம் போட்டார். “ஆமாங்க!” என்று மலையே திரும்பச் சொல்கிற மாதிரி வந்தது அவள் குரல். நான் சிரித்துக்கொண்டு ரொட்டி தின்னப் போய்விட்டேன். பார்த்ததைப் புரிந்துகொள்ளும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே இல்லை.

அன்று மாலை பாடம் திரித்துவம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூவர், ஆனாலும் கடவுள் ஒருவரே. என் கையில் உவமை இருந்தது. “சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “சூரியன், அதன் வெளிச்சம், அதன் சூடு...”

எஸ்தரம்மா வெளியே மூட்டமாய் நின்ற பனியைப் பார்த்தார். “அதப் பாத்து நாலு நாளாச்சே சார்.”

சரி, உள்ளூர்ச் சரக்கு. “தேத்தண்ணி. தண்ணீர், தூள், இனிப்பு மூன்றும் சேர்ந்து...”

“இனிப்பு இல்லாட்டியும் தேத்தண்ணி தேத்தண்ணிதான்” என்றார் எஸ்தரம்மா. ஒரு நொடியில் கடவுளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார். நான் அவசரமாக அதை வாபஸ் வாங்கினேன்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. “நீங்கள் எடுக்கிற கொழுந்து! இரண்டு இலை, ஒரு மொட்டு. மூன்று, ஆனால் கொழுந்து ஒன்றுதானே? மூன்றும் சமம்தானே?”

கங்காணி பிரம்பைக் கீழே வைத்தார். “சமம் இல்லீங்களே சார். மொட்டுதான் ஒசத்தி. எலைய மட்டும் கிள்ளிப் போட்டா கண்டாக்கு ஏசுவாரு.” கண்டாக்கு என்பவர் துரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே, மலையைச் சுற்றி வருகிற அதிகாரி.

“அப்படியானால் மூன்று உவமையும் தப்பு” என்று ஒப்புக்கொண்டேன். “கடவுள் ஒருவர். பிதா கடவுள், குமாரன் கடவுள், ஆவியானவர் கடவுள். ஒருவருக்கு ஒருவர் கூடுதல் குறைச்சல் இல்லை. இதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் எஸ்தரம்மா. செல்லாயியின் உதடு ஓரத்தில் என்னவோ ஓடி மறைந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வேதம் எப்படி வந்தது என்பது பாடம். வானத்திலிருந்து கட்டுப் புத்தகமாக விழவில்லை. வெகு காலமாக, வெவ்வேறு இடங்களில், பல பேர் எழுதினார்கள் என்றேன். ஆடு மேய்த்து ராஜாவானவர், மீன் பிடித்தவர்கள், வைத்தியர் ஒருவர், கூடாரம் தைத்தவர் ஒருவர்.

“கணக்கப்புள்ள ஒருத்தரும் இல்லீங்களா?” என்று கங்காணி சந்தேகத்தோடு கேட்டார்.

“வரி வசூலித்தவர் ஒருவர் உண்டு.”

“அதான பாத்தேன்.” பிறகு யோசித்தார். “சொன்னது கடவுளு. எழுதுனது மனுசன். அவரு மேல, இவன் கீழ. நடுவுல சேதியக் கொண்டாந்தது யாருங்க?”

“பரிசுத்த ஆவியானவர். அவர் அவர்களை ஏவினார். அவரவர் பேச்சில், அவரவர் நடையில் எழுதினார்கள். எழுத வைத்தது அவர்.”

கங்காணி எஸ்தரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். “பாத்தியா? கங்காணி இல்லாம எங்கயாச்சும் வேல நடக்குமா?”

பரிசுத்த ஆவியானவருக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டார்கள் என்று நடுங்கி, “அவர் கடவுளுடைய வேலையாள் இல்லை, அவரே கடவுள்” என்று விளக்கினேன். கங்காணி அதையும் ஒரு தரம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். மனிதர் ஒன்றை ஒரு தடவை கேட்டால் விடமாட்டார்.

வகுப்பு முடிந்ததும் எஸ்தரம்மா என்னைத் தனியே நிறுத்தினார். “மூணு நாளாச்சு, அவ ஒரு வார்த்த பேசல. ராகலைக்கு எழுதிப் போடவா?” பின்னால் ஞானமுத்து நின்றிருந்தான். “வேணாம்மா” என்றான். அவன் வாயில் நான் கேட்ட முதல் முழுச் சொல் அதுதான்.

சனிக்கிழமை காலை நானே மலைக்கு ஏறினேன். பாதை என்று அவர்கள் சொன்னதை நான் ஓடை என்று நினைத்துச் சுற்றிப் போய், உண்மையான ஓடையில் விழுந்து, மேலே போய்ச் சேர்ந்தபோது காலில் ஏழு அட்டை. கங்காணி அடுத்த மலையில் இருந்தார். வரிசையில் பத்துப் பெண்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரித்துக் கூடையைத் தவறவிட்டார்கள். அந்த ஒருத்தி செல்லாயி.

“அங்க பாருங்கடி, சாரு கீழயிருந்து ரத்ததானம் பண்ணிக்கிட்டே வாராரு!”

மூன்று நாளாக ஊமை என்று நான் இரக்கப்பட்ட பெண். அட்டைகளுக்குச் சுண்ணாம்பு கொடுத்தாள். நோட்டில் இருந்ததைக் கேட்டேன். கை இரண்டும் கொழுந்தில் ஓட, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“பிறகு ஏன் வகுப்பில் வாய் திறக்கவில்லை?”

“கங்காணி ஐயா இருக்கும்போது நாங்க எப்பிடிங்க முந்திக்கிட்டுப் பேசுறது?” என்றாள், நான் ஏதோ வெட்கக்கேடானதைக் கேட்டுவிட்ட மாதிரி. பிறகு, “எனக்கு ஒரு சந்தேகம் சார். கல்யாணத்துக்குத்தான் இதக் கேக்க ஆரம்பிச்சேன். இப்ப இயேசுவப் பத்தி எழுதுன அந்த நாலு சுவிசேசக்காரங்க என்னைய விட மாட்டேங்குறாங்க. ஒரே சேதியத்தான் சொல்றாங்க. ஆனா ஒருத்தரு சொன்னது மாதிரி இன்னொருத்தரு சொல்லலையே, ஏங்க?”

கடவுளைப் பற்றி எல்லாம் தெரிந்த நான், காலில் இல்லாத எட்டாவது அட்டையைத் தேடிக் குனிந்தேன். “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் ஐயர் தோட்டத்து லாரியில் வந்தார். லாரி சேற்றில் வழுக்கியதில் வெள்ளை அங்கியில் இடுப்புவரை செம்மண். யாழ்ப்பாணத்துக்காரர்; வாய்க்குள் சிரிக்கிற மனிதர். தகரக்கூரைக் கோயில் நிறைந்திருந்தது. செல்லாயி புதுச் சேலையில். ஞானமுத்து இரவல் கோட்டில், இரண்டு வார்த்தையையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் போல. கதவோரம் செல்லாயியின் அப்பா. ஜன்னலுக்கு வெளியே, உள்ளே வராமல், ஆனால் தலையை மட்டும் உள்ளே நீட்டி, கங்காணி.

“பிள்ளை, கடவுளுக்குத் தொடக்கம் உண்டோ?” என்று ஐயர் கேட்டார்.

“இல்லீங்க, முடிவும் இல்லீங்க” என்றது ஜன்னல்.

“வேதத்தை ஆர் எழுதினது?”

“ஆடு மேச்சவங்க, மீன் புடிச்சவங்க, வைத்தியரு, வரி வாங்குனவரு. எழுதுனது அவங்க, எழுத வச்சது ஆவியானவருங்க. அவரு வேலையாளு இல்லீங்க, அவரே கடவுளுங்க.”

ஐயர் அசந்து போனார். “நல்ல விடை. நீர் எந்தச் சபை?”

“மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாங்க.”

ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மப்ளருக்குள் போய்விட்டேன். “மாஸ்ரர், ஞானஸ்நானம் கேக்கிறது இந்தப் பிள்ளை. தேறினது அந்த மனுசன். பிள்ளை வாய் திறக்காட்டில் நான் என்னெண்டு குடுக்கிறது? மழை முடியட்டும், பாப்பம்” என்று புத்தகத்தை மூடினார்.

எஸ்தரம்மா முந்தானையை உதறினார். அந்த உதறலில் ராகலை தெரிந்தது. ஞானமுத்து செல்லாயியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போது, மூன்று நாள் தாமதமாக, வியாழக்கிழமை பெரட்டு எனக்குப் புரிந்தது. “ஐயா, கேள்வியைக் கங்காணியிடம் சொல்லுங்கள். அவர் அவளைக் கேட்கட்டும்” என்றேன்.

“என்ன காணும், இது கோயிலோ தோட்டமோ?”

“ஒரு தடவை, ஐயா.”

ஐயர் பெருமூச்சோடு ஜன்னலைப் பார்த்து, “கங்காணி, கடவுள் எத்தினை பேர் எண்டு கேளும்” என்றார். கங்காணி கோட்டுப் பொத்தானைப் போட்டார். தலைப்பாகையைச் சரிசெய்தார்.

“செல்லாயி!”

“ஆமாங்க!” தகரக்கூரை அதிர்ந்தது. ஐயர் கையிலிருந்த புத்தகம் நழுவியது.

“கடவுள் எத்தன பேரு?”

“ஒருத்தருங்க! பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணு பேருங்க, கடவுள் ஒருத்தருதாங்க. எப்பிடின்னு சாரு மூணு விதமாச் சொன்னாரு. மூணும் தப்புன்னு அவரே சொல்லிட்டாருங்க.”

ஐயர் வாய்க்குள் சிரித்தது இந்தத் தடவை வெளியே வந்துவிட்டது. “எனக்கும் முழுக்க விளங்காது, பிள்ளை” என்றார். கேள்விகள் ஜன்னல் வழியாகப் போயின. பதில்கள் கூரை வழியாக வந்தன. கடைசியில் ஐயர், நோட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டார். “நாலு சுவிசேஷமும் ஒண்டைப்போல ஒண்டு இல்லையே. அப்ப எப்படி நம்புறது? கேளும்.”

நான் நாளைக்குச் சொல்கிறேன் என்ற நாளை இதுதான்.

கங்காணி கேட்டார். செல்லாயி இந்தத் தடவை உடனே கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை விசாரண நடந்துச்சுங்க. இந்தத் தோட்டத்துலதான் இருந்தாருன்னு சொல்ல நாலு சாட்சி போனாங்க. கங்காணி ஐயா நல்லதுக்குத்தான், நாலு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்குடுத்து அனுப்புனாரு. நாலு பேரும் எழுத்து மாறாமச் சொன்னாங்க. ஆபீசரு சிரிச்சாரு. சொல்லிக்குடுத்த சாட்சி செல்லாதுன்னு தள்ளிட்டாரு. நெசமாப் பாத்தவன், கேட்டவன் நாலு பேருன்னா நாலு விதமாத்தான் சொல்லுவானாம். இந்த நாலு பேரும் அப்பிடித்தாங்க சொல்லியிருக்காங்க. அதான் எனக்கு நம்பிக்க வந்துச்சு.”

கதவோரம், எந்த நாட்டுக் காகிதத்திலும் பேர் ஏறாத அந்த அப்பா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கங்காணியின் தலை ஜன்னலில் இல்லை. வெளியே பிரம்பால் சேற்றைக் கிளறும் சத்தம் மட்டும் வந்தது.

ஐயர் புத்தகத்தை எடுத்துத் துடைத்தார். “தண்ணி கொண்டாங்கோ” என்றார்.

எஸ்தரம்மாதான் முதலில் எழுந்து செம்பை எடுத்தார். ராகலைக்கு அன்று தபால் போகவில்லை. தண்ணீர் தெளித்தபோதும், அதற்குப் பிறகு தாலி கட்டியபோதும் கங்காணியின் தலை மறுபடி ஜன்னலில் இருந்தது. “சம்மதமா?” என்று ஐயர் மணப்பெண்ணைக் கேட்டு, பழக்கதோஷத்தில் ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

பகல் விருந்து பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு. சோறு, ஆட்டுக்கறி, பருப்பு. ஐயர் ஒரு மூலையில் எங்கள் ஊர் ஐயருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் என்னைப் பற்றி என்ன வருமோ என்ற பயம் எனக்கு. நான்காவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, மணப்பெண் பக்கம் நைசாகச் சாய்ந்தேன்.

“செல்லாயி, நீ ஐயரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடு. ‘எனக்குத் தெரிந்ததெல்லாம் சார் விளக்கியதால்தான் தெரிந்தது’ என்று. இதே மாதிரி, வார்த்தை மாறாமல்.”

அவள் கையிலிருந்த கறித்துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“சொல்லிக்குடுத்த சாட்சி செல்லாதுங்க சார்.”